கரடியின் ட்ரோனும் ஒரு மிதியும்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகும் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், வடமலை என்றொரு கரடி இருந்தது. அதற்குத் தேன் என்றால் உயிர். ஆனால் முழங்கால் தேய்ந்துவிட்டது. மரம் ஏறினால் இறங்க முடியாமல் உச்சியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டும் நிலைமை. எந்த மரத்தில் தேனடை என்று முன்பே தெரிந்தால் ஒரே மரத்தோடு முடித்துக்கொள்ளலாமே என்று ஆசை ஆசையாக ஒரு ட்ரோன் வாங்கியது.

வாங்கியதும் பறக்கவிட்டிருக்கும் என்று நினைத்தால் நீங்கள் நம்மூர்க்காரரே இல்லை. முதலில் பூஜை. நான்கு இறக்கைக்கும் சந்தனம், குங்குமம். கண் படக் கூடாதே என்று அடியில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த கயிறு. அப்புறம்தான் பட்டனைத் தட்டியது. ட்ரோன் மேலே போனது, கயிறு இறக்கையில் சுற்றியது, பாறையில் டமார். கண் மட்டும் படவில்லை.

சர்வீஸ் சென்டர் ஜன்னலில் சரோஜினி என்ற முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது.

"வாரண்டி இருக்கு சார். ட்ரோனைப் பதிவு பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா. பூஜை முடிச்சிட்டுப் பண்ணலாம்னு இருந்தேன்."

"இப்பப் பண்ணிடுங்க. ட்ரோன் ஒரு தடவை ஜன்னலுக்கு நேரா பறந்து வந்து முகத்தைக் காட்டணும், அவ்வளவுதான்."

"அது பறந்தா நான் எதுக்கும்மா இங்க வர்றேன்?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க" என்று சரோஜினி சலித்துக்கொண்டது. "சரி, எப்படி உடைஞ்சுது?"

கரடி யோக்கியன். எலுமிச்சம்பழம் உட்பட எல்லாவற்றையும் சொன்னது. முள்ளம்பன்றிக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு தேவதை வந்து தங்க ட்ரோனை நீட்டியிருக்கும்.

"இந்த சீட்டுக்கு வந்ததிலேருந்து உண்மை பேசின முதல் ஆள் நீங்கதான் சார். ஆனா கம்ப்யூட்டர்ல எலுமிச்சம்பழம் இல்லையே! மின்னல் இருக்கு, வெள்ளம் இருக்கு, யானை மிதிச்சது இருக்கு. யானைன்னா இயற்கைப் பேரிடர். பதிவுகூட வேண்டாம், உடனே புதுசு."

"எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

"யாரு சார் பொய் சொல்லச் சொன்னா?" என்ற சரோஜினி வெளியே கண்ணைக் காட்டியது. அங்கே மாசிலாமணி யானை மூங்கில் தின்றுகொண்டிருந்தது.

கரடி நொண்டி நொண்டிப் போய் ட்ரோனை அதன் காலடியில் வைத்தது. "அண்ணே, ஒரு சின்ன உபகாரம். இதை ஒரு மிதி மிதிங்க."

யானை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மிதித்தது. ட்ரோன் அப்பளமானது.

"யானை மிதிச்சிடுச்சும்மா" என்று கரடி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது. சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. புது ட்ரோன் கைக்கு வந்தது.

வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? குரங்கு தான் கடித்த ஹெட்போனோடும், நீர்நாய் தண்ணீருக்குள் பேசிப் பார்த்த போனோடும் யானையிடம் ஓடின. ஒரே தள்ளுமுள்ளு. கடைசியில் கரடிதான் அதட்டி எல்லாரையும் ஒழுங்காக நிற்கவைத்தது. ஒரு மிதிக்கு யானைக்கு ஒரு கட்டுக் கரும்பு, கரடிக்கு ஒரு தேனடை என்று முடிவானது.

இப்போது வடமலை எந்த மரமும் ஏறுவதில்லை. புது ட்ரோனின் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதன்மேல் முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தேன் நக்குகிறது.

நீதி: எப்போதும் உண்மையே பேசு. வேண்டிய உண்மையைச் செய்து தர, பக்கத்தில் ஒரு யானையை வைத்துக்கொள்.