கண் மருந்து போட்ட மாஸ்டரின் பல்

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கூட்டிப் பெருக்கினால் பாதிக்கு மேல் 'கிளட்ச்' என்றுதான் இருக்கும். தூக்கத்திலும் அவர் கால் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் மனைவியை.

டிரைவிங் பள்ளிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அவர் மிதிப்பதற்கு. வருஷத்துக்கு வருஷம் வயிறு முன்னால் வந்தது, அதனால் சீட்டைப் பின்னால் தள்ளினார். சீட் பின்னால் போனதும் பிரேக் எட்டாமல் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்த ஒருவர் குப்பைத்தொட்டியை நோக்கி நேராகப் போக, மாஸ்டர் காலை நீட்டினார். பெருவிரல் மட்டும் பிரேக்கைத் தடவிப் பார்த்தது. குப்பைத்தொட்டி நடுத்தெருவில் படுத்துக்கொண்டது.

பள்ளி முதலாளி வந்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் வயிற்றைப் பார்த்தார்.

"மாஸ்டர், மூணு மாசம் டைம். ஒண்ணு வயிறு உள்ளே போகணும், இல்லேன்னா நீங்க உள்ளே போகணும்."

"உள்ளேன்னா எங்கே சார்?"

"வகுப்புக்கு. நின்னுக்கிட்டே போர்டுல சிக்னல் படம் வரையிற வேலை."

மாஸ்டருக்கு முழங்கால் வலி. நாள் முழுக்க நிற்பது என்று நினைத்தபோதே உட்கார வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தார். மனைவி ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டுக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீதியில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்த துணிதான். மாஸ்டரின் பேன்ட்டைப் பதினாலு தடவை இடுப்பில் பிரித்துப் பெரிதாக்கியவளும் அவள்தான்.

"மூணு மாசம். பத்து கிலோ. குறைச்சுக் காட்டறேன்" என்றார் மாஸ்டர்.

"எப்படி?"

"மன உறுதியால."

மெஷின் நின்றது. "அது எந்தக் கடையில கிடைக்குது?"

"கிண்டல் பண்ணாதே. பந்தயம் வெச்சுக்கலாமா?"

"குறையலேன்னா?"

"ஒரு வருஷம் வீட்டுப் பாத்திரம் முழுக்க நான் தேய்க்கிறேன்."

"குறைஞ்சா?"

மாஸ்டர் நெடுநாளாக ஒன்றே ஒன்றுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டிலிருந்து அஞ்சு வரைக்கும் நான் தூங்கணும். கடைக்குப் போங்க, பல்பு மாத்துங்க, ஸ்டூலைப் பிடிங்க, எதுவும் கிடையாது. யாரும் எழுப்பக் கூடாது. ஆயுசு முழுக்க."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

மன உறுதி நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் அது சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. அன்று சாயங்காலம் மாஸ்டர் சமையலறைக்குள் நின்று, ஒரு ரொட்டி பாக்கெட்டை முழுசாக முடித்துவிட்டு, காலி உறையைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் டாக்டரிடம் போனார்.

டாக்டர் எடை பார்த்தார், ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார், பெருமூச்சு விட்டார். வாரம் ஒரு தடவை போட்டுக்கொள்கிற ஊசி ஒன்றை எழுதிக்கொடுத்தார். பேனா மாதிரி இருக்கும், வயிற்றில் நீங்களே குத்திக்கொள்ளலாம், பசி குறையும் என்றார். அதற்குப் பிறகும் அவர் நிறையப் பேசினார். குமட்டும், வாய் காயும், தண்ணீர் நிறையக் குடிக்கணும், பல் டாக்டரிடம் போனால் இந்த மருந்தைப் பற்றி மறைக்காமல் சொல்லணும் என்றெல்லாம். 'பசி குறையும்' என்ற இடத்திலேயே மாஸ்டரின் காது மூடிக்கொண்டுவிட்டது. அவர் மனம் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் போய்க் கட்டிலில் படுத்துவிட்டது.

வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்தது. அதன் மேல் மாஸ்டரே எழுதி ஒட்டியிருந்தார்: 'கண் மருந்து. யாரும் தொடக் கூடாது.'

"கண்ணுல என்ன?" என்றாள் மனைவி.

"எதிர் வெயில். நாள் முழுக்க ரோட்டையே பார்க்கிற வேலை இல்லையா?"

"பாவம்" என்றாள்.

எடை இறங்கியது. முதல் மாதம் மூன்று கிலோ. இரண்டாம் மாதம், டோஸைக் கூட்டிய பிறகு, இன்னும் நாலு. சீட் முன்னால் நகர்ந்தது, கால் பிரேக்கில் நிம்மதியாக உட்கார்ந்தது. பள்ளியில் எல்லோரும் ரகசியம் கேட்டார்கள். மாஸ்டர் நெஞ்சில் கை வைத்து, "எல்லாம் இங்கேதான் இருக்கு" என்றார். உண்மையில் அது கொஞ்சம் கீழே, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது.

வாய்தான் மக்கர் பண்ணியது. காலையில் எழுந்தால் நாக்கு மேல் அண்ணத்தில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சில் என்ற ஒன்று உடம்பில் இருந்ததா என்றே சந்தேகமாகிவிட்டது. 'கிளட்ச்' என்று சொல்லப் போனால் 'க்ளக்' என்று ஏதோ கதவு சாத்துகிற சத்தம்தான் வந்தது.

அப்போது அவரிடம் ஒரு நர்ஸ் பெண் கார் கற்றுக்கொண்டிருந்தாள். முதல் வாரம் ஏ.சி. போட்டுக்கொண்டு ஓட்டினாள். இரண்டாம் வாரம் ஜன்னலை இறக்கினாள். கொட்டும் மழையில் ஜன்னலை இறக்கிவிட்டு, தோள் நனைய நனைய ஓட்டினாள். மூன்றாம் வாரம் மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சளியாம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்றாள் அவள், 'எனக்கு' என்பதை அழுத்தி.

மாஸ்டர் புதினா மிட்டாய் வாங்கினார். இரண்டு பையிலும் மிட்டாய். ஒன்று கரைவதற்குள் அடுத்தது. நாள் முழுக்க வாயில் சர்க்கரை ஊறியது. அது போதாதென்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் குமட்டிக்கொண்டு வரும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் வாந்தி எடுப்பார். எடுத்த கையோடு, வீட்டிலேயே முரட்டுப் பிரஷ் எதுவோ அதை எடுத்து, பாத்திரம் தேய்க்கிற மாதிரி பல்லைத் தேய்ப்பார். சுத்தம் முக்கியம் என்பது அவர் எண்ணம்.

கொஞ்ச நாளில் தண்ணீர் பட்டால் பல் கூசியது. பிறகு காற்று பட்டாலும் கூசியது. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டே புன்னகை செய்யப் பழகினார். அதில் ஒரு ஞானி களை வந்துவிட்டதாக முதலாளி சொன்னார்.

பதினோராவது வாரம், காலை உணவு நேரம். பாலில் நனைத்த ரொட்டியை மாஸ்டர் கடித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். கையில் எடுத்துப் பார்த்தார். ரொட்டியில் கல் இல்லை. அவருடைய பல்லில்தான் ஒரு மூலையைக் காணோம்.

"ரொட்டி கடிச்சா பல்லு உடையும்?" என்றாள் மனைவி. குரலில் கிண்டல் இல்லை. அதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. "கிளம்புங்க. பல் டாக்டர்கிட்ட போறோம்."

"நானே போய்க்கறேன்."

"நானும் வரேன்."

பல் டாக்டர் அமைதியான அம்மாள். கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு, விளக்கைத் திருப்பி, வெகு நேரம் பார்த்தார். மனைவி மூலையில் ஒரு ஸ்டூலில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"மேல் வரிசையில உள்பக்கம் எனாமல் தேஞ்சு போயிருக்கு. ஈறு வீங்கியிருக்கு. மூணு சொத்தை. இது அமிலம் பண்ற வேலை. அடிக்கடி வாந்தி எடுக்கறீங்களா?"

"இல்லையே."

"ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?"

மாஸ்டர் மூலையைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு வாரம். ஒன்பதரைக் கிலோ இறங்கியாகிவிட்டது. அரைக் கிலோ தூரத்தில் ஞாயிற்றுக்கிழமை கட்டில் விரித்துக் காத்திருக்கிறது.

"மருந்தா? ஒண்ணும் கிடையாது. கண்ணுக்கு மட்டும் சொட்டு."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "வாயும் ரொம்பக் காஞ்சிருக்கு. தப்பா நினைக்காதீங்க... குடிப்பழக்கம் உண்டா? தினமும்?"

"ஐயோ, சத்தியமா கிடையாது!"

மூலையிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"நான் நினைச்சேன் டாக்டர்" என்றாள் மனைவி. "குளியலறைக்குள்ள போவார். குழாயைத் திறந்துவிடுவார். உள்ளே ஓங்கரிக்கிற சத்தம் கேக்கும். வெளியே வந்தா கண்ணு சிவந்திருக்கும்."

"அது..."

"ரெண்டு பையிலயும் புதினா மிட்டாய். எதுக்குன்னு கேட்டா, சும்மான்னு சொல்வார். சும்மா யாராவது நாளைக்கு நாப்பது மிட்டாய் திம்பாங்களா? வாடையை மறைக்கத்தானே?"

"ஏய், அது அந்த வாடை இல்ல!"

"அப்போ எந்த வாடை? வீட்டுல சாப்பாடும் சரியா சாப்பிடறதில்ல. வெளியே எங்கேயோ ஆகுதுன்னு அர்த்தம். கார் கத்துக்கொடுக்கிறவர் டாக்டர்! முதலாளிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அவர் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னால நானே போய்ச் சொல்லிடலாமான்னு பார்க்கறேன்."

பல் டாக்டர் மாஸ்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நிறுத்தறதுக்கு உதவி செய்யறவங்க இருக்காங்க. வெக்கப்பட வேண்டாம். அட்ரஸ் தரேன்."

அட்ரஸை எழுதவே ஆரம்பித்துவிட்டார். மாஸ்டருக்குக் கால் தானாக பிரேக்கைத் தேடியது. பல் வைத்தியர் நாற்காலியில் அது கிடையாது.

"ஊசி!" என்று கத்தினார். "ஊசி போட்டுக்கறேன்! எடை குறைக்கிற ஊசி! வாரா வாரம்! போதுமா?"

மனைவியின் மூக்கு உறிஞ்சல் சட்டென்று நின்றது. அவள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள்.

"இதுதான் டாக்டர் அந்த ஊசி. ஆரம்பிச்ச தேதி மேலே இருக்கு. எப்போ டோஸ் கூட்டினார்னு கீழே எழுதியிருக்கேன். வாந்தி எடுத்த நாளெல்லாம் பின்பக்கம்."

மாஸ்டர் வாய் திறந்தபடியே இருந்தது. இந்தத் தடவை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

"உனக்கு... எப்படி?"

"கண் மருந்து போட சட்டையைத் தூக்கி வயித்தைப் பிடிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லையே. அதுவும் போக, முப்பது வருஷமா ஊசி பிடிக்கிறவ நான். வீட்டுக்குள்ள புதுசா ஒரு ஊசி வந்தா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சே ஏன் சும்மா இருந்தே?"

"நல்லது நடந்துக்கிட்டிருந்தது, எதுக்குக் கெடுக்கணும்னு இருந்தேன். சர்க்கரையும் இறங்கிச்சே. பல்லு உடைஞ்ச பிறகு சும்மா இருக்க முடியல. நான் சொல்லியிருந்தா இல்லேன்னு சாதிச்சிருப்பீங்க. உங்க வாயாலேயே வரட்டும்னுதான்."

பல் டாக்டர் அட்ரஸ் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நிதானமாக விளக்கினார். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்கக் கூடாது. அப்போது எனாமல் இளகியிருக்கும், தேய்த்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுக்கணும். மெத்தென்ற பிரஷ். சர்க்கரை மிட்டாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லணும். தண்ணீர் பாட்டில் கையை விட்டு இறங்கக் கூடாது. ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொல்லுங்க, டோஸை அவர் பார்த்துக்கொள்வார். இந்தத் தடவை மாஸ்டரின் காது திறந்தே இருந்தது. போதாததற்கு மனைவி காகிதத்திலும் குறித்துக்கொண்டாள்.

வெளியே வந்து நடந்தார்கள். உடைந்த பல்லை அடைக்கப் போட்ட ஊசியில் மாஸ்டரின் உதட்டில் பாதி மரத்துப்போயிருந்தது. நாலு வீடு தாண்டினார்கள். மாஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார்.

"எப்படியோ குறைஞ்சது குறைஞ்சதுதானே? இன்னும் ஒரு வாரம் இருக்கு. அரைக் கிலோ. பந்தயம் பந்தயம்தானே?"

"மன உறுதின்னு சொன்னீங்க."

"வாரா வாரம் தன்னைத்தானே குத்திக்கறதுக்கு மன உறுதி வேண்டாமா?"

அவள் நின்று அவரைப் பார்த்தாள். வாய் கோணியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, முகம் இளகியது.

"சரி. நீங்களே ஜெயிச்சதா வெச்சுக்குவோம். பாத்திரம் தேய்க்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்களுடையது. நான் கூப்பிட மாட்டேன்."

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே சொட்டு மருந்து போட்ட மாதிரி. "ஞாயித்துக்கிழமை. ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும்" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ரெண்டிலிருந்து அஞ்சு" என்றாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள். "பல் டாக்டர் அம்மாகிட்ட அந்த நேரத்தையே கேட்டு வாங்கியிருக்கேன், எட்டு ஞாயித்துக்கிழமைக்கு. அங்கே நாற்காலி நல்லாச் சாயுது, படுத்துக்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க. வாயை மட்டும் திறந்து வெச்சுக்கணும்."