டெலோரஸின் ஹாட்டிஷ் மேல் விழுந்த பழி

அன்பும் கொஞ்சம் பயமும் வைத்திருக்கும் மார்லிஸ் அக்காவுக்கு, மினசோட்டா பனியிலிருந்து தம்பி ஆர்லோ பணிவுடன் எழுதுவது. அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் பாதி ஊர் இப்போதுதான் கழிப்பறையை விட்டு வெளியே வந்திருக்கிறது. அதற்குக் காரணம் உன் தம்பி.

கொரோனாவுக்குப் பிறகு நம் சர்ச்சில் 'அடுத்த நோய்க்குத் தயார்' என்று ஒரு குழு வைத்து என்னைத் தலைவனாக்கினார்கள் அல்லவா, போன ஞாயிறு அதற்கு விருந்து வைத்தோம், நான் மைக்கைப் பிடித்து "நாம பாடம் கத்துக்கிட்டோம்!" என்று முழங்கினேன். பாடம் என்றால் கையில் தேய்க்கும் கிருமிநாசினி ஜெல். கேன் கேனாக வாங்கிக் குவித்து, வைக்க இடமில்லாமல் சமையலறை சிங்க்குக்குள்ளேயே அடுக்கிவிட்டேன், யாராலும் கை கழுவ முடியவில்லை. ஜெல் இருக்கும்போது தண்ணீர் எதற்கு என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அன்று காலையிலிருந்தே எனக்கு வயிறு சரியில்லை. தலைவன் போகாமல் இருக்கலாமா? கழிப்பறைக்கு ஓடுவதும், ஜெல்லைத் தேய்ப்பதும், வந்து பரிமாறுவதுமாக இருந்தேன். நின்றது டெலோரஸ் பக்கத்தில். அவள் கணவர் காலமானதிலிருந்து அங்கே நிற்க நான் காரணம் தேடுவது உனக்குத் தெரியும். கோழியும் காய்களும் சேர்த்து அவள் அவனில் சுட்டெடுக்கும் ஹாட்டிஷ் மேல் மொறுமொறுவென்று கிடக்கும் உருளைக்கிழங்கை ஒவ்வொரு தட்டிலும் என் கையாலேயே எடுத்து வைத்தேன். கடைசித் துண்டை "நீங்க எடுத்துக்குங்க", "ஐயோ, நீங்க" என்று தள்ளிக்கொண்டே இருக்கும் நம் ஜனம், அன்று பாத்திரத்தையே வழித்துவிட்டது.

மறுநாளே ஊரெங்கும் வாந்தி, பேதி. கவுண்டி சுகாதாரத் துறை நர்ஸ் பெத்தனி போன் செய்தாள்.

"அங்கிள், பரிமாறினவங்க யாருக்காவது முன்னாடியே வயித்தைக் கலக்கிச்சா?"

"சேச்சே, இல்லம்மா. டெலோரஸ் கோழி சரியா வேகலையோ என்னமோ."

"ரிப்போர்ட் வர நாளாகும். ஆனா இது கை வழியாப் பரவுற கிருமி மாதிரி தெரியுது. அது உங்க ஜெல்லைச் சட்டையே பண்ணாது, சோப்பும் தண்ணியும்தான் வேணும். கொரோனாவுக்குப் படிச்சதை வச்சு இதுக்குப் பரீட்சை எழுதியிருக்கீங்க அங்கிள்."

அவள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்ன கோழியோ ஊரைச் சுற்றிவிட்டது. "டெலோரஸ் வீட்டுச் சாப்பாடா? உயில் எழுதி வச்சிட்டுப் போ" என்று காப்பிக் கடையில் சிரிக்கிறார்கள். இனி சர்ச்சுக்குச் சமைக்கவே போவதில்லை என்கிறாள் அவள். நேற்று எனக்கே போன் செய்து, "ஆர்லோ, உனக்கு ரொம்ப முடியலையாமே? என்னாலதானே?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது அக்கா. ஜலதோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வரும் ஞாயிறு சர்ச்சில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், சத்தியம். அவள் மேல் விழுந்த பழியை நான்தான் துடைக்க வேண்டும்.

அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இருவரையும், குறிப்பாக வயிற்றை, காப்பாராக.

உன் தம்பி,
ஆர்லோ

பி.கு.: தபால்தலை வாங்குவதற்குள் ஞாயிறு வந்து போய்விட்டது. எழுந்து நின்றேன் அக்கா. வாயைத் திறப்பதற்குள் டெலோரஸ் எழுந்து, "என் கோழியாலதான் உங்களுக்கெல்லாம் இந்தப் பாடு, மன்னிச்சிடுங்க" என்றாள். மன்னித்து எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான்.