வயிற்றுக்கு அட்டவணை போடுகிறவர்

வயிறு இல்லாத மனிதர் கிடையாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வயிற்றோடு வாழ்ந்துவிட்டுப் போகிறோம். ஒரே ஒரு இனம் மட்டும் வயிற்றை நிர்வாகம் செய்துகொண்டு வாழ்கிறது. அந்த இனத்தைச் சேர்ந்த ஒருவராவது உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ கட்டாயம் இருப்பார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் இரண்டு மாத்திரை அட்டைகள் வைத்திருப்பார். ஒன்று, போவதை நிறுத்த. இன்னொன்று, நின்றதைப் போகவைக்க. நீங்கள் ஏதோ மரியாதைக்கு "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் அவர் உண்மையிலேயே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்: காலையில் எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, எந்தப் பதத்தில், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று விலாவாரியாக. உங்கள் கையில் தேநீரும் பிஸ்கட்டும் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இவர்களுக்கு இரண்டே பயம். போய்விடுமோ என்று ஒரு பயம், போகாமல் இருந்துவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டும் இல்லாத நாள் வந்தால்? அதுதான் பெரிய பயம்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணைப் பிரிவின் தலைவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே நிற்க வேண்டும் என்று இருபத்தாறு வருஷமாக எழுதி எழுதி, உலகத்தில் எதையும் நேரத்துக்கு வரவழைத்துவிடலாம் என்ற நம்பிக்கை மனிதருக்கு வந்துவிட்டது. குளியலறைக் கதவின் உள்பக்கம் கோடு போட்ட ஒரு தாள் ஒட்டியிருப்பார். தினமும் காலையில் தேதிக்கு நேரே எழுதுவார்: 'வந்தது', 'தாமதம்', 'ரத்து'. அபூர்வமாக 'கூடுதல் சேவை'. வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் உட்கார்ந்த இடத்தில் அதைப் படித்துவிட்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய மனைவிக்கு மருந்துக்கடையில்தான் வேலை. முறையாகப் படித்த மருந்தாளுநர். ஊரே அந்த அம்மாளிடம் யோசனை கேட்கும், ஒருவரைத் தவிர.

"பேதின்னா முதல்ல உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கணுங்க. உடம்புல தண்ணி வத்துறதுதான் ஆபத்து. காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் போனாலோ நிறுத்துற மாத்திரையைத் தொடாம டாக்டர்கிட்ட போகணும். மலச்சிக்கல்னா நிறையத் தண்ணி குடிங்க, கீரை பழம்னு சாப்பிடுங்க, கொஞ்சம் நடங்க. அப்பவும் சரியாகலேன்னா மருந்தைப் பாத்துக்கலாம்."

"அதெல்லாம் பொதுமக்களுக்கு" என்பார் நம்மவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். அவளுக்கும் ஒரு கப்பல் இன்ஜினியருக்கும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பதிவுத் திருமணம். மறுநாள் காலை மாப்பிள்ளை கப்பலேற வேண்டும். விட்டால் எட்டு மாதம் கழித்துத்தான் ஆளைப் பார்க்க முடியும். சாட்சியாக விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தது நம்மவரின் பெயரை. திங்கட்கிழமை காலை மகள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்த ஒரு வாரம் மட்டும் எதையும் போட்டுக்காதீங்க. நீங்க பக்கத்துல நிக்காம நான் கையெழுத்து போடமாட்டேன். சொல்லிட்டேன்."

"அம்மாடி, உன் கல்யாணத்துல நான் விஷப்பரீட்சை பண்ணுவேனா?" என்றார். மனசாரத்தான் சொன்னார். மகள் என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் வினையே வந்தது. பதிவு அலுவலகத்தில் காத்திருக்கும் நேரத்தில் வயிறு கலக்கிவிட்டால் பிள்ளையின் வாழ்க்கை என்ன ஆவது என்ற கவலையில், வயிறு தேமே என்று கிடந்த அந்தத் திங்கட்கிழமையே, முன்னெச்சரிக்கையாக நிறுத்துகிற மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அதை உறுதி செய்ய இன்னொன்று.

நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லாத வயிற்றில் நிறுத்துகிற மாத்திரை என்ன செய்யும்? நிறுத்தும். செவ்வாய் ரத்து. புதன் ரத்து. வியாழன் ரத்து. வியாழக்கிழமை சாயங்காலம் புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்தார்; நடுவில் இரண்டு பொத்தான்கள் ஒத்துழைக்க மறுத்தன. இப்படியே போய் நின்றால் புகைப்படத்தில் எப்படி இருக்கும்? சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்பது மணிக்கு, போகவைக்கிற மாத்திரையை விழுங்கிவிட்டு, தாளில் பென்சிலால் குறித்தார்: 'வருகை, காலை ஐந்து.'

ஐந்து மணிக்கு உட்கார்ந்தார். வரவில்லை. ஐந்தரை. வரவில்லை. மாத்திரை அட்டையில் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்று என்று இப்படி இரண்டு நேரம் போடுவதை அட்டவணைப் பிரிவு என்றைக்கும் ஏற்றுக்கொண்டதில்லை. வண்டி தாமதமானால் நிறுவனத்தில் என்ன செய்வார்கள்? மாற்று வண்டி அனுப்புவார்கள். நம்மவரிடம் ஒரு மாற்று வண்டி தயாராக இருந்தது. தான் யாருடைய கணவர் என்று தெரியாத தூரத்துக் கடை ஒன்றில் ரகசியமாக வாங்கி வைத்திருந்த பேதி உப்பு. சீக்கிரம் வேலை செய்யுமாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தார்.

மாற்று வண்டி அனுப்பினால் என்ன ஆகும் என்பது பேருந்து நிறுத்தத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அரை நாள் ஒன்றும் வராது. அப்புறம் இரண்டும் ஒன்றாக வரும்.

இரண்டும் பத்து ஐம்பதுக்கு வந்தன. பதிவு அலுவலகத்தின் மாடியில், நீளமான பெஞ்சில், மகளுக்கும் மனைவிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்தார். "இதோ வந்துட்டேன்" என்றார். நடைபாதைக் கோடியில் இருந்த கழிப்பறைக்கு அவர் போன வேகத்தில், அந்த நிறுவனத்தின் எந்த வண்டியும் இதுவரை போனது கிடையாது.

பதினொன்றுக்கு அழைத்தார்கள். பதினொன்றே காலுக்கு மறுபடி அழைத்தார்கள். சாட்சி வரவில்லை.

"வேற யாராவது சாட்சி போடலாமா சார்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"புதுசா விண்ணப்பம் குடுத்து வேற தேதி வாங்கணும்" என்றார் பதிவு அதிகாரி. மெலிந்த மனிதர்; சட்டப் புத்தகத்தைத் தவிர எதையும் பார்த்துச் சிரிக்காத முகம். "பன்னெண்டு மணிக்கு நான் பதிவேட்டை மூடிடுவேன்."

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "எட்டு மாசம் ஆனாலும் பரவாயில்ல. அப்பா இல்லாம நான் போடமாட்டேன்."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. கழிப்பறைக் கதவை மனைவி தட்டினார்.

"என்னங்க, என்னதான் போட்டீங்க?"

உள்ளேயிருந்து ஈனக்குரல் வந்தது. "ரெண்டையும்... அந்த நிறுத்துற மாத்திரை உன் பையில இருந்தா ஒண்ணு..."

"மாத்திரைன்னு இன்னொரு தடவை சொன்னீங்க, கதவை வெளியில பூட்டிட்டுப் போயிடுவேன். உள்ள போன மருந்து அதுபாட்டுக்குப் போய்த் தீரட்டும். இந்தக் கரைசலைக் குடிங்க. ஒரே மடக்கா வேணாம், கொஞ்சம் கொஞ்சமா." கரைத்த பாட்டிலைக் கதவிடுக்கு வழியாக நீட்டினார். பெண்ணின் கல்யாணத்துக்கு வரும்போது கைப்பையில் கரைசல் பொட்டலம் எடுத்து வந்த ஒரே தாய் அவராகத்தான் இருப்பார். முப்பது வருஷ இல்லற அனுபவம் கொஞ்சமா?

பதினொன்று நாற்பதுக்கு மாப்பிள்ளைக்கு யோசனை பிறந்தது. "சார், சாட்சி உங்க கண் முன்னால கையெழுத்து போடணும், அவ்வளவுதானே? எந்த அறையிலன்னு சட்டத்துல இருக்கா?"

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. பெருமூச்சு விட்டார். பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடைபாதையில் முன்னால் நடந்தார். மணமக்கள் பின்னால் போனார்கள். கதவு ஒரு சாண் திறந்தது.

"முகத்தைக் காட்டுங்க சார்."

வியர்த்துப்போன ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதிகாரி அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். "படத்துல கொஞ்சம் தெம்பா இருக்கீங்க" என்றார். மணமக்கள் பதிவேட்டைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக் கையெழுத்திட்டார்கள். கடைசியாக, கதவிடுக்கிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு சாட்சிக் கையெழுத்தைப் போட்டது.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக, "அப்பா, வந்துட்டீங்கப்பா" என்றாள்.

"மன்னிச்சிடு கண்ணு, மாத்திரைக்கு மேல பேதி உப்பையும் குடிச்சுட்டேன்" என்றார் நம்மவர். வெட்கமும் பாசமுமாகத் தொண்டை அடைத்தது. அன்றைக்கு அவர் உடம்பில் அடைத்தது அது ஒன்றுதான்.

எல்லோரும் திரும்பிப் போனார்கள். அதிகாரி மட்டும் போகவில்லை. நடைபாதையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கதவருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க... அந்த உப்பு எந்தக் கடையில வாங்குனீங்க?"

அதிகாரியைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. இவ்வளவு நேரம் நான் மாத்திரைகளின் பெயரைச் சொல்லாமல் வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எங்காவது ஓரிடத்தில், "நிறுத்துற மாத்திரை, நிறுத்துற மாத்திரைங்கறானே, பேரைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று உங்களுக்கு லேசாக எரிச்சல் வந்ததா, இல்லையா? வந்திருந்தால் தயவுசெய்து உங்கள் சட்டைப் பையைக் காட்டுங்கள்.