சவப்பெட்டி ஜோன்ஸின் கல்யாணம்

எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் கடவுள் மனிதர்களைத் தாராளமாகப் படைத்தார். பெயர் விஷயத்தில்தான் கஞ்சத்தனம் செய்துவிட்டார். நான்ட்வென் ஊரில் அத்தனை பேரும் ஜோன்ஸ். ஆகவே தொழிலை முன்னால் ஒட்டிக்கொண்டோம்: பால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ். நான் சாக்கடை ஜோன்ஸ். குழாய் வேலையும் செய்கிறேன் என்பதை ஒரு பயலும் கண்டுகொள்வதில்லை.

சவப்பெட்டி செய்யும் கிவிலிமின் பாடுதான் பரிதாபம். ரொட்டிக்கடை நெரிஸ் என்றால் அவனுக்கு உயிர்.

"கட்டிக்கிறேன்யா," என்றாள் அவள். "ஆனா சவப்பெட்டிப் பொண்டாட்டின்னு ஊரு கூப்பிடுமே! அந்தப் பேரைத் தொலைச்சிட்டு வா."

அந்த நேரம் பார்த்து தலைநகர் கார்டிஃபிலிருந்து மாண்புக் காப்பு அலுவலர் எழுந்தருளினார். அவரும் ஜோன்ஸ்தான். ஒரு மாதம் தங்கி ஊராரின் குறை கேட்டபின் ஆணை பிறந்தது: "தொழிலைச் சுட்டிக் குடிமக்களை விளிப்பது மாண்புக்கு இழுக்கு. முதற்பெயரோ அந்தரங்கத் தகவல். எனவே பொது இடங்களில் அனைவரும் ஜோன்ஸ் என்று மட்டுமே குறிப்பிடப்படுதல் வேண்டும்."

கிவிலிம் அன்றே கல்யாணத்துக்கு நாள் குறித்தான். தேவாலயப் பலகையில் ஆணைப்படி எழுதினார்கள்: "சனி காலை. ஜோன்ஸ்."

அந்தப் பலகையில் பெரும்பாலும் சாவுச் செய்திதான் வரும்; செத்தது யாரென்று எங்களுக்குப் புரியவில்லை. கேட்கவும் வழியில்லை. சனியன்று ஊரே கறுப்பு உடுத்தி மலர்வளையத்தோடு போனது. வாசலில் கிவிலிம், தன்னிடமிருந்த ஒரே நல்ல கறுப்புக் கோட்டில், எந்தச் சவ அடக்கத்துக்கும் நிற்பதுபோலவே நின்றிருந்தான். சந்தேகம் தீர்ந்தது. பாடகர் குழு துக்கப் பாட்டைத் தொடங்கியது. அவன் அழாத குறை.

அலுவலரும் வளையத்தோடு வந்து சேர்ந்தார்.

"யாருய்யா தவறினது?"

"ஜோன்ஸ், சார்," என்றார் பால்காரர் பணிவாக.

"அதான் எந்த ஜோன்ஸ்? பாலா, ரொட்டியா, சவப்பெட்டியா?"

பாட்டு நின்றது. ரொட்டி வண்டியிலிருந்து வெள்ளை உடுப்போடு குதித்தாள் நெரிஸ்.

"யாரும் சாகலை! சவப்பெட்டிக்கும் எனக்கும் கல்யாணம்!"

"நீயே அப்படிச் சொல்லிட்டியே," என்றான் கிவிலிம், கண் கலங்கி.

"சொன்னா என்ன? என் சவப்பெட்டிதானே! உள்ள வா, கேக்கு உருகுது."

எங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. "இந்தப் பாழாப்போன ஆணையை உங்ககிட்ட யாரு சார் கேட்டா?"

"நீங்கதான்யா! 'என் பேரை மட்டும் எடுத்துடுங்க, மத்தவங்க பேரு பொருத்தமாத்தான் இருக்கு'ன்னு ஒவ்வொருத்தரா வந்து காதுல ஓதினீங்களே!"

எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டோம்.

ஆணை அன்றே செத்தது, வளையங்கள் வீணாகவில்லை. அலுவலரை இப்போது மலர்வளைய ஜோன்ஸ் என்கிறோம். அந்தப் பெயரை மட்டும் தடைசெய்யச் சொல்லி மேலதிகாரியின் காதில் ஓதிக்கொண்டிருக்கிறாராம். மேலதிகாரியும் ஜோன்ஸ்தான்.