நாலு புரதமும் காலி நாற்காலியும்

"சம்பந்தி, அது மாப்பிள்ளை நாற்காலி. நீங்க இப்படி வாங்க" என்று நரைத்த தலைக்காரரைக் கையைப் பிடித்து ஓரத்து பெஞ்சுக்கு நகர்த்தினார் வைத்திலிங்கம். அவர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் நாகப்பட்டினத்திலிருந்து பட்டினச்சேரிக்கு, வைத்திலிங்கத்தின் மகள் தீபாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் போட்டோ முன்பே வந்துவிட்டது. சுருட்டை முடி, அரும்பு மீசை.

"மாப்பிள்ளை எங்கங்க?"

"வருவாரு" என்றாள் அவரோடு வந்த உறவுக்காரி மாரிக்கண்ணு. "பொண்ணு கிழவனையும் குமரனாக்குற வேலை பாக்குதுன்னு தரகர் சொன்னாரே, நெசமாங்க?"

வைத்திலிங்கம் தன்னையே நொந்துகொண்டார். தீபாவுக்குப் பெங்களூரில் ஆராய்ச்சி வேலை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மீன் ஏலத்தில் ஏற்றிவிடுகிற வாய், தரகரிடமும் ஏற்றிவிட்டிருந்தது. மகள் முறைத்த முறைப்பில் அவர் கேசரித் தட்டைச் சம்பந்தி பக்கம் நீட்டினார்.

"அப்படி இல்லைங்க" என்றாள் தீபா. "வளந்து முடிஞ்ச தோல் செல்லுக்குள்ள நாலு புரதம் வேலை செஞ்சா, அது பழையபடி குருத்து செல்லா மாறும். அதுலேருந்து வேற செல் வளக்கலாம். மாறுறது செல்லுதான், ஆளு இல்ல."

"அப்ப நரை போக எத்தனை மாசமாகும்?" என்றார் பெஞ்சுக்காரர் ஆவலாக.

சம்பந்தம் கைநழுவிவிடுமே என்று வைத்திலிங்கம் குறுக்கே விழுந்தார். "புரதந்தானே சம்பந்தி? நம்ம சுறாவுல இல்லாததா? பாப்பா புட்டு பண்ணிப் போடும்."

"அப்பா, சாப்பிட்டா செரிச்சுதான் போகும். அந்தப் புரதம் செல்லுக்குள்ள இருந்து ஜீனைத் தட்டி எழுப்பணும். தப்பாப் போச்சுன்னா கட்டி வந்துடும்."

"கட்டியா?" பெஞ்சுக்காரர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"சின்னக் கட்டிதாங்க" என்றார் வைத்திலிங்கம்.

தீபா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். படிக்கவைத்த மகளைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. வைத்திலிங்கம் கைகூப்பினார்.

"நான்தாங்க பெருமைக்குக் கதை விட்டேன். பொண்ணு மேல தப்பில்ல. வெக்கமா இருக்கு சம்பந்தி, மன்னிச்சிடுங்க."

பெஞ்சுக்காரர் இவரைவிட அதிகமாகத் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டது நாமல்லவா என்று வைத்திலிங்கத்துக்குக் குழப்பமாயிருந்தது.

"மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க. அவராவது எம்பொண்ணைப் புரிஞ்சுக்கட்டும்."

மாரிக்கண்ணு சேலைத் தலைப்பைத் திருகினாள். வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த கார் டிரைவர்தான் எட்டிப்பார்த்துச் சொன்னான்:

"அந்த நாற்காலியை அவருக்கே குடுத்துடுங்க, ஐயா. நீங்க சம்பந்திங்கறீங்களே, அவருதாங்க அந்தப் பழைய போட்டோவுல இருக்கற மாப்பிள்ளை."