பானட்டைத் திறந்தால் மூடாதவர்

புதுச்சேரியில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. காரை ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? போகிறார்கள், எங்கேயாவது இடித்துக்கொள்கிறார்கள், வருகிறார்கள். நமக்கு வேண்டியவர் இன்னொரு வகை: பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் நிற்கிறவர். இவருடைய கார்க் கதவில் காக்கை எச்சம் காய்ந்து கிடக்கும், பின்சீட்டில் போன ஆயுத பூஜைப் பொரி சிதறிக் கிடக்கும், சக்கரத்தில் மூன்று மழைக்காலத்துச் சேறு இருக்கும். ஆனால் எஞ்சினில் இலை போட்டுச் சாப்பிடலாம். யாராவது கேட்டார்களா? இல்லை. அதனால் என்ன, இவர் கழுவுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தெருவில் நடந்தால் இவரைப் பார்க்கலாம். மடித்துக் கட்டிய லுங்கி, நெற்றியில் டார்ச் விளக்கு (வெயில் சுள்ளென்று அடிக்கும், இருந்தாலும் விளக்கு எரியும்), கையில் ஒரு பல் துலக்கும் பிரஷ். அது யாருடைய பிரஷ் என்பது அந்த வீட்டில் அடுத்த நாள் காலையில்தான் தெரியவரும். நீங்கள் வணக்கம் சொன்னால் போதும், மாட்டிக்கொண்டீர்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பார், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்பார், ஆல்டர்னேட்டரையும் ஃபியூஸ் பெட்டியையும் ஏர் ஃபில்டரின் வாயையும் கவர் போட்டுக் கட்ட வேண்டும் என்பார், நுரை மருந்தை அடித்து ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் பூவுக்கு விடுவதுபோல் விட வேண்டும் என்பார். எல்லாம் சரிதான். ஒரு சொல் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அங்கம்மாள் இதைக் கேட்டுக் கேட்டு, இன்றைக்கு எந்தக் காரைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கழுவிவிடுவார்.

முடிவில் ஒரு முத்திரை வாக்கியமும் உண்டு. "தண்ணி எஞ்சினுக்கு எதிரி இல்ல சார். அவசரந்தான் எதிரி."

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவிலேயே இருக்கிறார். பெயர் தட்சிணாமூர்த்தி. போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மகன் எழிலரசனுக்கு நிச்சயதார்த்தம். பெண் கலைமகள், கனகசெட்டிக்குளத்துக்காரர். இருவரும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவரையொருவர் விரும்பியவர்கள். பெண் வீட்டில் எல்லோரும் தலையாட்டியும், அவளுடைய அத்தை ஒருவர் மட்டும் ஒன்றரை வருஷமாகச் சகுனம் சரியில்லை, சகுனம் சரியில்லை என்று முட்டுக்கட்டை போட்டுவந்தார். ஒருவழியாக அவரும் இறங்கிவந்து ஒரு நிபந்தனை போட்டார்: பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற வேண்டும், மாறாவிட்டால் பேச்சே வேண்டாம். பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

அப்பா என்ன செய்தார்? விடியற்காலையில் எழுந்து எஞ்சினைக் கழுவினார்.

நிச்சயதார்த்தத்துக்கு எவன் பானட்டைத் திறந்து பார்க்கப்போகிறான் என்று மனைவி சுலோசனா கேட்டதற்கு, சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கப்போகிற வண்டி, எவனாவது பார்த்துவிட்டால் மானம் போய்விடாதா என்றாராம். முறைப்படி எல்லாம் செய்தார். ஆல்டர்னேட்டருக்கு ஒரு பால் கவர், ஃபியூஸ் பெட்டிக்கு ஒரு பால் கவர். ஏர் ஃபில்டரின் வாய்க்குத்தான் கவர் இல்லை. ஊரில் கவருக்குத் தடை வந்ததிலிருந்து எந்த வீட்டில் உருப்படியான கவர் இருக்கிறது? தேடினார். ஒன்று கிடைத்தது. பளபளவென்று, தடியாக, மஞ்சளாக. கட்டினார். கழுவி முடித்துப் பால் கவர்களை அவிழ்த்தார், துடைத்தார், பேட்டரி ஒயரை மாட்டினார், எட்டி நின்று பார்த்தார். அடடா, என்ன பளபளப்பு. அந்தப் பூரிப்பில் சந்தனம் எடுத்து அங்கங்கே பொட்டு வைத்து, குங்குமமும் வைத்து, ஒரு முழம் மல்லிகையை முன்பக்கமாகப் படரவிட்டு, பானட்டை மூடினார்.

ஒன்பது மணிக்குக் குடும்பம் ஏறியது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கற்பூரம், எல்லாம் ஆயிற்று. தெருவே வாசலில் நின்றது, நானும்தான். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தரம் செருமியது, உடம்பை உலுக்கியது, அடங்கியது. மறுபடி திருப்பினார். மறுபடி அடங்கியது. யாரோ ஒரு பெண்மணி "ச்சு" கொட்டினார். அந்த ஒரு "ச்சு"வில் எழிலரசனின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தட்சிணாமூர்த்தி இறங்கினார். பானட்டைத் திறந்தார். அவருக்கு வேறென்ன தெரியும்? ஈரம் என்றார். எதிர்வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் மெஷின் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து நீள ஒயர் வந்தது, பட்டு வேட்டிக்காரர் ஒருவர் கல்யாணப் பெண்ணுக்குக் கூந்தல் உலர்த்துவதுபோல எஞ்சினை உலர்த்தினார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தள்ளிப் பார்க்கலாம் என்றார் ஒருவர், விநாயகருக்குச் சிதறுகாய் போடலாம் என்றார் இன்னொருவர். ஆட்டோ பிடிக்கிறேன் என்று போனை எடுத்த பையனின் கையைப் பிடித்துத் தடுத்தார் அப்பா. கிளம்பிய வண்டியை விட்டு இறங்கினால் அது வேறு சகுனமாம். மணி ஒன்பதே முக்கால்.

பின்சீட்டில் சுலோசனா மடியில் ஓர் அரிசிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் பெண்ணுக்கு எடுத்த பட்டுப்புடவை. புடவைக்கு இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசிப் பையா என்று நான்கூட நினைத்தேன். கடைசியில் அவர் பொறுமை போய், சகுனமாவது ஒண்ணாவது என்று இறங்கி, முப்பது வருஷ இல்லறத்தில் முதல்முறையாக எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இது என் பையாட்டம் இருக்குது."

"எது?"

"பூவுக்குக் கீழ, மஞ்சளா. புடவைக்கடையில குடுத்த பை. காலையிலேர்ந்து அதத்தான தேடிக்கினு இருக்கேன்."

தட்சிணாமூர்த்தி பூவை விலக்கினார், ரப்பர் பேண்டைக் கழற்றினார், பையை உருவினார். மூச்சுவிட வழி கிடைத்த வண்டி முதல் திருப்பிலேயே உறுமியது. சுலோசனா பையை முந்தானையால் துடைத்து, புடவையை அதில் மாற்றி, மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இடம் இல்லாவிட்டாலும் நானும் திணித்துக்கொண்டு ஏறிவிட்டேன். இதற்குப் பிறகு வராமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

கனகசெட்டிக்குளம் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. அத்தை வாசலிலேயே கையில் கடிகாரத்தோடு நின்றார். பெண்ணின் அப்பா நாகராஜ், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், கைகூப்பியபடி வந்தவர் பாதியில் நின்று மூக்கை உறிஞ்சினார். நுரை மருந்து வாசனை.

"சம்மந்தி, எஞ்சின் கழுவினீங்களா?"

தட்சிணாமூர்த்தியின் கண்கள் கலங்கிவிட்டன. வாழ்நாளில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. பானட் திறந்தது. இரண்டு தலைகள் உள்ளே போயின. சந்தனப் பொட்டைப் பார்த்து நாகராஜ் சொக்கிப்போனார். என்ன மருந்து, எவ்வளவு நேரம் ஊறல், எந்த பிரஷ் என்று விசாரணை நீண்டது. படகு எஞ்சினுக்கு அவர் கையாளும் முறைகள் ஒவ்வொன்றாக வந்தன. எழிலரசன் ஜன்னல் வழியாகக் கலைமகளைப் பார்த்தான். கலைமகள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அதெல்லாம் சரி சம்மந்தி, காத்து போற வாய என்னாத்த போட்டு மூடுனீங்க?"

சுலோசனா முன்னால் வந்தார். கையிலிருந்த மஞ்சள் பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். அதைப் பார்த்த மாத்திரத்தில் நாகராஜின் மனைவிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த வீட்டிலும் எத்தனை பைகள் போயினவோ. இரண்டு சம்பந்தியம்மாள்களும் ஆளுக்கொரு பக்கம் போய் நின்று, தலைகளை வெளியே இழுத்துவிட்டு, பானட்டை டப்பென்று அடித்துச் சாத்தினார்கள். உள்ளே போக நேரமில்லை. நடுத்தெருவில், அந்தப் பானட்டின் மேலேயே தட்டு மாறியது. அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. பையன் அன்று நாலு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: கல்யாணம் எப்போது என்று கேட்கத் தோன்றியதா, அல்லது அது என்ன நுரை மருந்து என்று கேட்கத் தோன்றியதா? நினைத்தேன். மருந்தின் பெயரைச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். நல்ல பைகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்ல வேண்டும்.