நாலு இடம் தள்ளி

"ஒரே ஒரு ஸ்பேஸ் குறையுதாம் சார். அதுக்காக என் வேலையை உள்ளேயே விடமாட்டேங்குது உங்க வாட்ச்மேன்!" என்று பக்கத்து நாற்காலிக்காரி மேசையைத் தட்டினாள்.

அவள் சொன்ன வாட்ச்மேன் ஆள் இல்லை. பேருந்து முன்பதிவு மென்பொருளின் வாசலில் நேர்கோடு காவல் வைத்திருந்த ஒரு சின்ன நிரல். மென்பொருளின் வரிகள் சரியாக நாலு இடம் தள்ளித் தொடங்காவிட்டால், கடவுளே எழுதிக் கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடும். நேர்கோடு என்பது அந்த நிரலை எழுதியவருக்கு அலுவலகம் வைத்த பெயர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர்கள் செருப்பை ஜோடி சேர்த்து அடுக்கிவிட்டுத்தான் மனிதர் 'வாங்க' என்பார்.

மறுநாள் காலை அவர் மனைவியோடு மலைக்குப் போகவேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன பயணம். "இந்தத் தடவையும் ஆபீஸ்னு சொன்னீங்கன்னா எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க வீட்ல உக்காந்து செருப்பை அடுக்குங்க" என்று எச்சரித்திருந்தாள். லீவு லெட்டரை மேலே அனுப்பிவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பழைய வரியெல்லாம் கோணல்மாணலா கிடக்கு சார். நான் ஒரு வரியைத் திருத்தினா, மொத்த ஃபைலையும் நேராக்கச் சொல்லுது."

"அவ்வளவுதானே? நானே எல்லாத்தையும் நேராக்கிட்டுப் போறேன்."

ஒரு பொத்தானைத் தட்டினார். இரண்டு லட்சம் வரிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. நேர்கோட்டுக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைப்பதற்குள் அவர் திரையில் புகார்கள் வந்து விழுந்தன. ஒரே இருக்கை மூன்று பேருக்கு. போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்ட பேருந்துக்கு இன்று டிக்கெட். ஒரு பயணிக்கு டிரைவர் சீட்டையே விற்றிருந்தார்கள்; அவரும் விடாமல் அதில் போய் உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் ஏன் எனக்கு வருது?"

"ஒரு வரியைக் கடைசியா யார் தொட்டாங்களோ அவங்களுக்குத்தானே புகார் போகும்? அந்த ஏற்பாட்டைப் பண்ணினதே நீங்கதான். இப்ப எல்லா வரியும் உங்க பேர்ல இருக்கு சார். அஞ்சு வருஷப் பாவமும் உங்க தலையில."

அவளுடைய புகார்ப் பெட்டி துடைத்துவைத்த மாதிரி காலி. நிம்மதியாக நகம் வெட்டத் தொடங்கியிருந்தாள்.

"நான் இடைவெளியைத் தவிர எதையும் தொடலைம்மா!"

"திருடன்கூட பூட்டைத் தவிர எதையும் தொடலைன்னுதான் சொல்லுவான்."

நேர்கோடு வாட்ச்மேனைக் கொஞ்ச நேரம் தூங்கவைத்துவிட்டு, செய்த மாற்றத்தை அப்படியே திரும்ப எடுத்தார். வரிகள் பழையபடி கோணின. ஆனால் கோணலாக்கியதும் அவர்தான் என்று பதிவானது. தூங்கி எழுந்த வாட்ச்மேன் அந்தக் கோலத்தைப் பார்த்துப் பதறி, முதலாளி உட்பட அத்தனை பேருக்கும் அபாய மெயில் அனுப்பியது.

போன் அடித்தது. மனைவி.

"பெட்டி கட்டியாச்சு. உங்க ஸ்வெட்டரை வைக்கவா?"

"வை... வையேன்."

"குரலே சரியில்லையே. அம்மாவுக்கு போன் போடவா?"

"வேண்டாம்! இதோ வந்துட்டே இருக்கேன்!"

வைத்த கையோடு அவருக்குச் சுருட்டையின் ஞாபகம் வந்தது. எதைக் கொடுத்தாலும் நேர்கோடு கோணல் என்று திருப்பி அனுப்புகிறாரே என்று வெறுத்துப்போய், போன வருஷம் வேலையை விட்டுப் போனவன். போன ஆளுக்குப் புகார் போனால் அது கிணற்றில் போட்ட கல்தான்.

எழுதுபவர் பெயரை மாற்றிக்கொள்வது பெரிய வித்தை இல்லை. சுருட்டையின் பெயரைப் போட்டு, இரண்டு லட்சம் வரிகளையும் மறுபடி நேராக்கி அனுப்பினார். வாட்ச்மேன் வாயைத் திறக்கவில்லை. புகார் மழை சட்டென்று நின்றது.

"பாவம் சார் அவன்" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"இல்லாத ஆளுக்கு என்னம்மா பாவம்?" என்று பையைத் தோளில் மாட்டினார். சீட்டியடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார். கல்யாணம் ஆன நாளில்கூட அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"சார், கொஞ்சம் நில்லுங்க!" வரவேற்பறைப் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள். "அபாய மெயிலைப் பார்த்துட்டு, யார் யார் எவ்வளவு எழுதியிருக்காங்கன்னு முதலாளி கிராஃப் எடுத்தாராம். மொத்தத்தையும் எழுதினது சுருட்டை சாராமே? 'இப்படிப்பட்ட தங்கத்தையா வெளியே விட்டோம்'னு அப்பவே போன் போட்டு, டபுள் சம்பளத்துல உங்களுக்கு மேனேஜரா எடுத்துட்டார்."

நேர்கோடு பையைத் தோளிலிருந்து இறக்கினார். "அப்ப... என் லீவு?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சுருட்டை சார் வீட்லேருந்தே பார்த்த முதல் ஃபைலே உங்க லீவு லெட்டர்தான் சார். ஓரம் நேரா இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டார்!"